ஒண்ணுகூடத் தப்பாது

"யார் வரைஞ்சது இதை?"

முதலாளி கேட்டதும் தலைமை வரைவாளர் மேஜைமேல் விரித்திருந்த பிளானைக் குனிந்து பார்த்தார்.

கட்டடத்திலிருந்து தச்சு மேஸ்திரி இப்போதுதான் போனில் கத்தி முடித்திருந்தார். மாடி மூலை அறையில் தரையைத் தாங்கும் மரச்சட்டங்களில் ஏழுக்கு ஹேங்கரே இல்லையாம். சட்டத்தின் நுனியை உத்திரத்தோடு சேர்த்துப் பிடிக்கும் அந்த இரும்புத் தாங்கி இல்லாமல், வெறும் ஆணியை நம்பி நின்றிருக்கிறது தரை. நாலு ஆட்கள் ஏறி நின்றதும் ஒரு விரல் அளவு இறங்கிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

"பிளான்ல இல்லாததை நான் எங்கேருந்து போடுவேன்?" என்று கேட்டுவிட்டு மேஸ்திரி போனை வைத்திருந்தார்.

ஒரு வருடத்துக்கு முன்னால், சாஃப்ட்வேரே தானாக ஹேங்கர் வைக்கும்படி விதி எழுதி அமைத்தவர் தலைமை வரைவாளர்தான். சட்டம் உத்திரத்தில் முட்டும் இடமெல்லாம் ஹேங்கர் வந்து உட்கார்ந்துவிடும். ஆபீசே கைதட்டியது. "ஒண்ணுகூடத் தப்பாது" என்று மார்தட்டினார்.

இப்போது அவருக்கே சந்தேகம் தட்டியது. நேராக முட்டும் சட்டத்துக்கு மட்டும் விதி எழுதிவிட்டோமோ? சாய்வாக வந்து முட்டுவதை மறந்தே போனோமோ? அந்த மூலை அறை சாய்வுச் சுவர்தானே!

"கேக்குறேன்ல, யாரு?"

"ஆமை, சார்." வாய் முந்திக்கொண்டது.

ஆமை என்பது அவரே வைத்த பட்டப்பெயர். ஒரு பொத்தானை அழுத்தினால் முடிகிற வேலைக்கு, ஒவ்வொரு பிளானையும் முக்கால் மணி நேரம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பது? அதோடு, சொன்னது பொய்யும் இல்லை. கோடு போட்டது அவள்தான்.

"அவ போட்ட பிளான் அத்தனையும் பாருங்க. இன்னொண்ணு இப்படி இருந்தா, இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடலாம்."

இருக்கைக்கு வந்து கோப்புகளைத் திறந்தார். இந்த ஒரு வருடத்தில் சாய்வுச் சுவர் வைத்த வீடுகள் இன்னும் பதினொன்று. சிலவற்றில் ஜனங்கள் குடியே வந்துவிட்டார்கள். குழந்தைகள் குதித்து விளையாடும் தரை.

முதல் வீடு. சாய்வு மூலையில் ஹேங்கர் இருந்தது.

இரண்டாவது. இருந்தது.

மூன்றாவதிலும் இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் விதி சரிதான்! தப்பு அவளுடையதேதான். முதலாளியிடம் தெம்பாகப் போய்ச் சொல்லலாம்.

எதற்கும் பெரிதாக்கிப் பார்த்தார்.

சாஃப்ட்வேர் தானாக வைப்பது நீலம். கையால் வைத்தால் பச்சை. சாய்வு மூலைகளில் இருந்தவை அத்தனையும் பச்சை. மீதியையும் திறந்தார்; பதினோரு வீட்டிலும் பச்சை.

எழுந்து அவள் மேஜைக்குப் போனார். மேஸ்திரிக்கு அனுப்ப, விட்டுப்போன ஏழு ஹேங்கரையும் அவள் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லா வீட்லயும் நீயாம்மா போட்ட?"

"ஆமா சார். சாய்வா வர்ற சட்டத்தை அது விட்டுடுது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன் சார், ரெண்டு தடவை. கம்ப்யூட்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சான்னு சிரிச்சீங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப இந்த ஒரு வீடு மட்டும் எப்படிம்மா...?"

அவள் எழுந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிடுங்க சார். நான் பாக்குறதுக்கு முன்னாடியே அந்த பிளான் போயிடுச்சு; அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், வரலை."