நீலக் குப்பி

ராஜாம்பாள் எதையோ இடுப்பில் செருகிக்கொண்டதை நாத்தனார் பார்வதி பார்த்துவிட்டாள். விரல் நீளத்தில் ஒரு நீலக் குப்பி, கழுத்தில் சிவப்பு நூல்.

"என்னா அண்ணி அது?"

"மருந்து."

ராஜாம்பாள் வெற்றிலைத் தட்டை எடுத்து நங்கென்று தரையில் வைத்தாள். பார்வதி ஓடிப்போய் அண்ணன் தணிகாசலத்தின் காதில் விஷயத்தைப் போட்டாள். பூச்சி மருந்தாக இருந்தால் என்ன செய்வது? அண்ணி தானே குடித்தாலும் வம்பு, வந்தவர்களுக்குக் காப்பியில் கலந்தாலும் வம்பு.

தணிகாசலம் சுங்க ஆபீஸில் குமாஸ்தா. ஐம்பத்தாறு வயது. பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகியும் துரை மிடுக்கு மட்டும் இவரை விட்டுப் போகவில்லை. அவளுக்கு அவ்வளவு தைரியம் ஏது என்று மீசையைத் தடவிக்கொண்டார். ஆனாலும் காப்பியை நீயே போட்டுவிடு என்று தங்கையிடம் சொன்னார்.

உப்பளத்து வீட்டுக் கூடத்தில், தணிகாசலத்துக்கு இரண்டாந்தாரம் பேசப் பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண் வீட்டார் என்றால் இரண்டே பேர், தவளக்குப்பத்து ஆதிமூலமும் அவர் தங்கை செல்வாம்பாளும். செல்வாம்பாளைக் கட்டியவன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது. முப்பத்தாறு இன்னும் முடியவில்லை என்று ஆதிமூலம் வந்ததிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார்.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மூத்தவள் சம்மதித்துத் தன் கையாலேயே வெற்றிலை கொடுத்துவிட வேண்டும். பின்னால் வந்து தன் தங்கையோடு மல்லுக்கு நிற்கக் கூடாது.

தை மாதக் கடல்காற்று ஜன்னல் வழியாகச் சில்லென்று அடித்தது. தணிகாசலம் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். செல்வாம்பாளுக்கு மட்டும் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. முந்தானையால் துடைத்தாள், மறுபடியும் வேர்த்தது. பெண்ணுக்கு எவ்வளவு வெட்கம் பாருங்கள் என்று பார்வதி பூரித்துப்போனாள்.

ராஜாம்பாள் தட்டோடு வந்து நின்றாள். இருபத்தொன்பது வருஷம் இந்த வீட்டில் உலை வைத்தவள். ஒரு மகளைப் பெற்று வளர்த்துக் கருவடிக்குப்பத்தில் கட்டிக்கொடுத்தவள். இன்று இந்தத் தட்டு கைமாறினால் நாளை முதல் அவள் சமையல்காரிதான். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"என்னடி பாத்துக்கினு நிக்கிற? குடு" என்றார் தணிகாசலம். பிறகு ஆதிமூலத்தின் பக்கம் திரும்பி, கூசாமல் சொன்னார். "எட்டு மாசமா தனியாத்தான் படுக்குறா. பட்ட மரத்துக்கு எத்தினி நாளுதான் தண்ணி ஊத்துறது?"

ராஜாம்பாளின் முகம் கறுத்தது. அதற்குள் பார்வதி குறுக்கே பாய்ந்து, இடுப்பில் இருக்கிற விஷத்தை முதலில் வெளியே எடுக்கச் சொன்னாள். விஷம் என்றதும் ஆதிமூலம் எழுந்தே நின்றுவிட்டார்.

ராஜாம்பாள் குப்பியை எடுத்தாள். தட்டிலிருந்த வெற்றிலையை வழித்துக் கீழே தள்ளிவிட்டு அதைத் தட்டின் நடுவில் வைத்தாள்.

"விஷம் இல்ல. எண்ண."

குரலைத் தாழ்த்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மாதாமாதம் வரும் தூரம் நின்ற பிறகு அவளுக்கு உடம்பு உள்ளே காய்ந்துபோய்த் தொட்டாலே நெருப்பாய் எரிந்தது. புருஷனிடம் சொன்னாள். அவர் சாக்குச் சொல்கிறாய் என்று கத்தினார். கடைசியில், பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் ரோசாம்மாளிடம் போய் நின்றாள்.

இந்த வயதில் பொம்பளைகளுக்கு வருவதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றாள் ரோசாம்மாள். ஊசி, மாத்திரை எதுவும் வேண்டாம், அங்கே சோப்புப் போடாதே, வெறும் தண்ணீரில் கழுவு, இந்தத் தேங்காயெண்ணெயைத் தினமும் தடவு, வீட்டுக்காரரை அவசரப்படாமல் இருக்கச் சொல் என்றாள். இதற்காக வருகிறவர்களுக்கெல்லாம் அவள் கொடுப்பது இதே நீலக் குப்பிதான், இதே சிவப்பு நூல்தான்.

"மூணு வாரத்துல எரிச்சல் போயிடுச்சி. அத சொல்லலாம்னு இவுரு எதுர வந்து நிக்கிறேன், இவுரு பொண்ணு பாத்துட்டு வந்து நிக்கிறாரு."

தணிகாசலம் நாலு பேர் முன்னால் இதென்ன அசிங்கம், வாயை மூடு என்று பல்லைக் கடித்தார். எட்டு மாதக் கதையை நாலு பேர் முன்னால் எடுத்து வைத்தது தாம்தான் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. ராஜாம்பாள் அவர் பக்கமே திரும்பவில்லை. தட்டைச் செல்வாம்பாளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். இவளுக்கு அவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

"இதான் நான் குடுக்குற வெத்தல. எடுத்துக்க. உனக்கும் ஒரு நாள் தூரம் நிக்கும், ஒடம்பு காயும். அன்னிக்கு இவுரு உன்னையும் பட்ட மரம்னுட்டு வேற ஒருத்தியத் தேடிக்கினு போவாரு. அப்ப ஒதவும்."

செல்வாம்பாள் குப்பியைக் கையில் எடுத்து, சிவப்பு நூலைத் தொட்டுப் பார்த்தாள். ஆதிமூலம் வேண்டாம் வேண்டாம் என்பதுபோல் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். தணிகாசலத்தைப் பார்த்தாள். முந்தானையால் மறுபடியும் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, குப்பியைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

"எங்கிட்டயே ஒண்ணு இருக்குதுக்கா."