துப்பறியும் படம் பார்க்கும் மூவர்

திரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தொப்பி வைத்த துப்பறிவாளன் தெருவிளக்கின் அடியில் நின்று சிகரெட் பற்ற வைத்தான். பாதி முகம் வெளிச்சத்தில், பாதி முகம் இருட்டில்.

“இந்த மழையில தீக்குச்சி எப்படித்தான் பத்துதோ,” என்றார் சின்னவர்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை எதிர்பார்த்துச் சொன்னவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்ட கூடம். சோபாவில் கண்ணாடிக் கடை அம்மாள். பக்கத்து நாற்காலியில் அவருடைய கணவரின் தம்பி. மூக்குக் கண்ணாடிக் கடையை இப்போது நடத்துகிறவர் அவர்தான், தெரிந்தவர்களுக்கெல்லாம் சின்னவர். கதவோரம், வலிக்கிற காலை முக்காலியில் நீட்டியபடி, ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர்.

படங்களைக் கொண்டுவருவது இன்ஸ்பெக்டர். எல்லாம் கறுப்பு வெள்ளை. எல்லாவற்றிலும் ஒரு பிணம் உண்டு, அழகாகப் பொய் சொல்லும் ஒருத்தி உண்டு, நனைந்த தெரு உண்டு.

அந்தத் துப்பறிவாளர்கள்மேல் அவருக்குக் கொஞ்சம் பொறாமை. ஒருவனுக்கும் மேலதிகாரி கிடையாது. மூட்டுவலி கிடையாது. அத்தனை மழையில் நனைந்தும் எவனுக்கும் சளி பிடித்ததில்லை. கடைசியில் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, நிதானமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்து, ஒருவனை நோக்கி விரலை நீட்டுவான். அவனும் வியர்த்து விறுவிறுத்து எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். வாய்தா இல்லை. பல்டி அடிக்கும் சாட்சி இல்லை.

அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் ஜனங்கள் இன்னும் இந்தப் படங்களை விடாமல் பார்க்கிறார்கள் என்பது இன்ஸ்பெக்டரின் கட்சி.

அவருக்கு வாழ்க்கையில் அந்தக் கட்டம் வாய்க்கவில்லை.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அம்மாளின் கணவர் கடைக்குள் இருந்த மாடிப்படியின் அடியில் இறந்து கிடந்தார். பின்மண்டையில் அடி. விசாரிக்கப் போனவர் இன்ஸ்பெக்டர். வேலைக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர், தபால்காரர், எல்லோரும் பதறிப்போய்க் கேட்டார்கள், எப்படி விழுந்தார் என்று. டீ குடிக்கப் போயிருந்ததாகச் சொன்ன தம்பி மட்டும் அதைக் கேட்கவே இல்லை.

அன்றைக்கே இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்து என்ன செய்ய? சொந்தக் கடையில் தம்பியின் கைரேகை இல்லாத இடம் ஏது? பார்த்தவர் ஒருவரும் இல்லை. கால் தவறி விழுந்தார் என்று எழுதி முடிக்கச் சொன்னார்கள். முடித்தார்.

அந்தச் செய்தியைச் சொல்ல அவர் இந்த வீட்டுக்கு வந்தபோது டிவியில் இப்படி ஒரு பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. உட்காருங்கள், முடியட்டும், பிறகு பேசலாம் என்றார் அம்மாள். சின்னவரும் இருந்தார். மூவரும் பார்த்தார்கள். இதே மாதிரிப் படம் வேறு கிடைக்குமா என்று அம்மாள் கேட்டதில் ஆரம்பித்தது இந்த ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம்.

தனக்குத் தெரிந்ததை அவர் அம்மாளிடம் சொன்னதில்லை. கடை அந்த ஆள் கையில். மருந்து வாங்கித் தருகிறவர், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர், பல்பு மாற்றுகிறவர், எல்லாம் அந்த ஆள். நிரூபிக்க முடியாத ஒன்றை அந்த அம்மாள் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் போக மனசு வரவில்லை.

அதற்குப் பதிலாக வாராவாரம் வந்தார். படம் பார்ப்பதுபோல் சின்னவரைப் பார்த்தார். திரையில் விரல் நீளும்போது அந்த முகத்தில் என்றைக்காவது ஏதாவது அசையும் என்று.

அசைந்ததே இல்லை. சின்னவரின் மீசை நரைத்ததுதான் மிச்சம்.

இன்றும் அந்தக் கட்டம் வந்தது. அறை, நாற்காலிகள், முகங்கள், விரல். இன்ஸ்பெக்டர் மெல்லத் தலையைத் திருப்பினார்.

சின்னவர் தூங்கிக்கொண்டிருந்தார். கண் மூடி, மோவாய் மார்பில் இடிக்க, தளர்ந்துபோன ஒரு கிழவர்.

இன்ஸ்பெக்டருக்குச் சட்டென்று எல்லாம் விட்டுப்போயிற்று. கோபம்கூட வரவில்லை. அலுப்பு மட்டும், முழங்காலிலிருந்து கழுத்துவரை. இத்தனை வருஷம் யாரை மிரட்டிக்கொண்டிருந்தோம்? படம் முடியும் முன்பே எழுந்தார். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார்.

அம்மாள் பின்னாலேயே வந்தார்.

“இனிமே வர முடியாதும்மா. மாடி ஏறினா உசிர் போகுது. வயசாயிடுச்சு, எனக்கும் சரி, அவருக்கும் சரி. பாருங்க, உக்காந்தபடியே தூங்கறாரு.”

அம்மாள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

“அவரு தூங்கல சார். மத்தியானத்துல தூங்கற பழக்கமே அவருக்குக் கிடையாது. இன்னைக்குத்தான் முதல் தடவையா பாக்க முடியாம கண்ணை மூடிக்கிட்டாரு.”

இன்ஸ்பெக்டர் அம்மாளை ஏறிட்டுப் பார்த்தார்.

“நீங்க மட்டுமா சார்? நானும்தான் ஒரு நாளும் படத்தைப் பாத்ததில்ல.”

உள்ளேயிருந்து சின்னவரின் குரல் வந்தது. அதில் தூக்கக் கலக்கம் துளிகூட இல்லை.

“அண்ணி, படம் முடிஞ்சுடுச்சா?”

“இன்னும் இல்ல தம்பி,” என்றார் அம்மாள்.

இன்ஸ்பெக்டர் குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றினார்.