புள்ளி ஒன்று

“அமெரிக்காவோட அடுத்த ஜனாதிபதி யாருன்னு இன்னைக்கு ஏழரை மணிக்கு நான் முடிவு பண்ணப்போறேன்,” என்றார் வெர்லின், பள்ளிக்கூட வாசலில் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டியபடி. முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

“முதல்ல கோட்டுப் பொத்தானைச் சரியா போடு. அப்புறம் நாட்டைக் கவனிக்கலாம்,” என்றாள் ஆர்டித்.

முப்பத்தெட்டு வருடக் குடித்தனம். கணவன் மனைவி இருவருக்கும் கட்சியும் ஒன்றுதான். அந்தக் கட்சி யாரை ஜனாதிபதித் தேர்தலில் நிறுத்துவது என்பதில்தான் இரண்டு மாதமாக வீட்டில் போர்.

அயோவா மாநிலத்தில் இதற்கு ஓட்டுச்சீட்டெல்லாம் கிடையாது. பள்ளிக்கூட விளையாட்டரங்கத்தில் ஊர் கூடும். அவரவர் தமக்குப் பிடித்த வேட்பாளரின் மூலையில் போய் நிற்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேர்ந்த மூலைதான் கட்சி மாநாட்டுக்குப் பிரதிநிதி அனுப்பலாம்; சேராத மூலை செல்லாது, கலைத்துவிடுவார்கள்.

ஆர்டித் நின்றது செனட்டர் ஹாலோரனின் மூலையில். முப்பது வருடமாக வாஷிங்டனில் இருப்பவர். கட்சியின் பெரிய தலைகள் எல்லாம் கைகாட்டிய ஆள். வெற்றி நிச்சயம் என்று டிவியில் தினமும் சொல்கிறார்கள். டிவிக்காரர்கள் யாரும் இந்த ஊரில் குடியிருக்கவில்லை. அவர் மூலையில் ஆர்டித்தையும் சேர்த்து எட்டுப் பேர்.

எதிர் மூலையில், பெரிய தலைகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பப்போவதாகச் சொல்லும் கிராடிக்கு முப்பது பேர். அவர்களுக்குத் தலைவர் வெர்லின்; நாற்பது வருடமாக ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிடாதவர். அங்கே மேளம்கூட இருந்தது. மீதிப் பேர் மற்ற மூலைகளில்.

ஆர்டித் தன் மூலையில் வேர்க்கடலை பிஸ்கட் தட்டு ஒன்று வைத்திருந்தாள். வெர்லின் வந்து ஒன்றை எடுத்தார்.

“கையை எடு. அது எங்க பக்கம் வர்றவங்களுக்கு.”

“வேவு பார்க்க வந்தேன்.” இன்னொன்றையும் எடுத்தார். “உங்க எட்டுப் பேர் வயசையும் கூட்டினா, இந்த நாட்டோட வயசு ரெண்டு தடவை வரும் போலிருக்கே.”

“ஹாலோரன் இல்லன்னா நம்ம ஊர் ஆஸ்பத்திரியை மூடியிருப்பாங்க. உனக்கு நெஞ்சை அடைச்ச அன்னைக்கு எழுபது மைல் போயிருக்கணும். நீ இப்போ பிஸ்கட் தின்னுட்டிருக்க மாட்டே, சர்ச்சுக்குப் பின்னாடி படுத்திருப்பே.”

“அதுக்கு ஒரு நன்றிக் கடிதம் போடலாம் ஆர்டித். ஜனாதிபதியாவா ஆக்குவாங்க?”

அவளுக்கு அது கடிதத்தோடு முடிகிற விஷயம் இல்லை. இரண்டு மாதம் பனியில் கதவு கதவாகத் தட்டியிருக்கிறாள். இந்த ஊரிலிருந்து அவருக்கு ஒரே ஒரு பிரதிநிதியாவது போக வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

அவள் மூலையிலிருந்த டெலோரஸ் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். “முடியலடி ஆர்டித். நான் வீட்டுக்குக் கிளம்பறேன்.”

அவர் போனால் மிச்சம் ஏழு பேர். ஆர்டித் வாயைத் திறக்குமுன் வெர்லின் முந்திக்கொண்டார்.

“எண்ணுறதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போறதா? போன தடவை கேலன் அப்படித்தான், மாடு கன்னு போடுதுன்னு கிளம்பினான். நாலு வருஷமா அவன்கூட எனக்குப் பேச்சே இல்ல. எண்ணுற நேரத்துல எந்திரிச்சுப் போறவங்களுக்குக் குடியரசு எதுக்கு? ராஜாவே போதும்.”

திட்டிவிட்டு அவரே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். டெலோரஸ் உட்கார்ந்தார்.

கூட்டத்தை நடத்துகிற லோவெல், கையில் கால்குலேட்டரோடு தலைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். விதைக்கடைக்காரர், தராசு முள் நிற்கும்வரை கண்ணெடுக்காதவர்.

“மொத்தம் ஐம்பத்து நாலு. அதுல பதினஞ்சு சதவீதம்னா எட்டு புள்ளி ஒண்ணு. ஆர்டித், உங்க மூலைல எட்டுதான் இருக்கு.”

“புள்ளி ஒண்ணுதானே லோவெல்?”

“புள்ளி ஒண்ணுக்கும் முழு ஆள் வேணும். ஒன்பது பேர். இது சும்மா ஒத்திகை. கதவைச் சாத்திட்டு எண்ணுறதுதான் கணக்கு. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு.”

ஆர்டித் மூலை மூலையாகப் போனாள். பிஸ்கட்டை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். யாரும் கூட வரவில்லை. கடைசியில் கிராடி மூலைக்கு வந்து நின்றாள்.

“வெர்லின். ஒரே ஒரு தடவை.”

மேளம் நின்றது. வெர்லின் கையிலிருந்த, கிராடி பெயர் எழுதிய அட்டையைப் பார்த்தார்.

“உன்கிட்ட நான் பொய் சொன்னதில்ல. செத்தாலும் அந்த ஆள் மூலையில நான் நிக்க மாட்டேன்.”

“தெரியும்,” என்றாள். “கேட்டுப் பார்த்தேன்.”

திரும்பி வந்தபோது அவள் மூலைக்காரர்கள் கோட்டுகளைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். அவளும் தட்டை மூடினாள். சலசலப்புக் கேட்டு நிமிர்ந்தாள். வெர்லின் தன் அட்டையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார்.

“தலைவரே, எங்க கிளம்பிட்டீங்க?” என்றது கிராடி மூலை.

அவர் யாரையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு பனியில் இறங்கிப் போய்விட்டார்.

ஆர்டித் அந்தக் கதவையே பார்த்தாள். தோற்பவள் பக்கத்தில் நிற்க வேண்டாம், எதிரிலாவது நின்றிருக்கலாமே.

கதவு சாத்தப்பட்டது. லோவெல் எண்ணினார். நெற்றியைச் சுருக்கி மறுபடி எண்ணினார். கால்குலேட்டரைத் தட்டினார்.

“இப்போ ஐம்பத்து மூணு. ஏழு புள்ளி ஒன்பது அஞ்சு வருது.” நிமிர்ந்து ஆர்டித்தைப் பார்த்தார். “எட்டுப் பேர் போதும். உங்க மூலை செல்லும்.”

ஜன்னலுக்கு வெளியே, விளக்குக் கம்பத்தடியில், நாற்பது வருடத்தில் முதல் தடவையாகக் கணக்கில் சேராத அந்த ஆள் வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் உட்காரும் பக்கத்தை முதலில்.