வெறும் வயிறு

அரியமுத்து பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி குஞ்சம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முந்திரிக்காட்டில் பாம்பை அடித்துத் தூக்கிப்போடுகிற மனுசன், ஒரு குழாய்க்கு இப்படியா பயப்படுவார்?

ஜெயங்கொண்டம் பள்ளிக்கூடத்தில் முகாம். திருச்சி டாக்டர்கள் வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புண்ணை இப்போதே கண்டுபிடித்து, அதிலிருக்கிற கிருமிக்கு மாத்திரை கொடுத்தால், நாளைக்கு அது புற்றுநோயாகாமல் தடுக்கலாமாம். நர்ஸ் கலைமணி ஊர் ஊராக வந்து சொல்லியிருந்தாள்.

ஒரே நிபந்தனை. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் பட்டிருக்கக் கூடாது.

இரண்டு வாய் பழைய சோறு தின்றுவிட்டு வந்த கொளஞ்சியம்மாளை இப்போதுதான் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முகாம் எப்போதென்று யாருக்கும் தெரியாது.

"மீன்சுருட்டியில பஸ் ஏறும்போது நல்லாத்தான இருந்தீங்க? இப்ப என்ன, பிரசவ வலி வந்தாப்புல?"

"பசிக்குதுடி. ஒனக்கென்ன, கல்லு மாதிரி இருக்க."

"நான் மட்டும் பிரியாணி தின்னுட்டா வந்திருக்கேன்? நீங்க சாப்புடாம நான் என்னைக்குச் சாப்புட்டேன்?"

உண்மைதான். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தட்டில் கை வைப்பாள். மகள் பிரவீணா எவ்வளவு திட்டியும் அந்த வழக்கம் மாறவில்லை.

சோற்றுக்குக் கருவாடு, கருவாட்டுக்கு மேல் புகையிலை. இவர் வயிறு கெடாமல் யார் வயிறு கெடும்? ஆனாலும், ஆஸ்பத்திரி என்றாலே ஓடுகிறவர் தானாகவே முகாமுக்குப் போகணும் என்றது அவளை உறுத்தியது. பெரிசாக ஏதாவது இருந்துவிட்டால்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவரைக் கூடக் கொஞ்சம் கிண்டலடித்தாள்.

"வலி எங்க இருக்கு?"

அவர் தொப்புளுக்குக் கீழே காட்டினார்.

"நேத்து நெஞ்சுக்குழியில இல்ல இருந்துச்சு?"

"நடமாடுது."

கதவு திறந்தது. கலைமணி தலையை நீட்டினாள்.

"மீன்சுருட்டி குஞ்சம்மா, உள்ள வாங்க."

குஞ்சம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை.

முனகல் நின்றுவிட்டிருந்தது. அரியமுத்து நிமிர்ந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"விடியக்காலையில அடுப்படியில வயித்தப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கியே, தெரியாதுன்னு நெனச்சியா? அதான் ஒம் பேரக் குடுத்தேன். ஒனக்குன்னு கூப்புட்டா வந்திருப்பியா?"

குஞ்சம்மாள் கையிலிருந்த பையை அவர் மடியில் வீசினாள்.

"வூட்டுக்கு வாங்க, ஒங்களுக்கு இருக்கு."

கலைமணி அவள் தோளைத் தொட்டாள். "எதுவும் சாப்புடலையேம்மா?"

குஞ்சம்மாள் வாய் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து பதில் வந்தது.

"அதுக்கு நான் கேரண்டி சிஸ்டர்."