நாத்தனார் போகவில்லை

"மச்சி, இன்னிக்கும் இவ உங்க ரூம்லதான் படுப்பாளாம். ஒரே அடம்" என்று தன் சின்ன மகளைக் கொண்டுவந்து கட்டிலில் இறக்கிவிட்டாள் நாத்தனார் ஹஃப்ஸா.

"படுத்துக்கட்டும், புள்ளதானே" என்றாள் ஷஃபீனா. சொன்ன வேகத்தைப் பார்த்தால், ஹஃப்ஸா கொண்டுவராவிட்டால் இவளே போய்த் தூக்கி வந்திருப்பாள் போலிருந்தது.

கட்டிலின் மறுபக்கத்தில் தமீம் அன்சாரி தலையணையைத் தட்டிப் போட்டு, "வாம்மா, நடுவுல படு" என்று தங்கை மகளுக்கு இடம் விட்டான்.

அப்பாடா என்றிருந்தது ஷஃபீனாவுக்கு.

மார்பில் புற்றுநோய் என்று அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் ஆகி, இப்போது ஹார்மோனை அடக்கி வைக்கிற மருந்து நடக்கிறது. தினமும் மாத்திரை, மாதா மாதம் ஊசி. முப்பதைத் தாண்டி இப்போதுதான் கொஞ்ச நாள் ஆகிறது, உடம்பு மட்டும் ஐம்பதுக்குப் போய்விட்டது. திடீரென்று அனலடிக்கும். உள்ளே வறண்டு கிடக்கும். ஆசை என்று ஒன்று இருந்ததே மறந்து போயிற்று. போன லீவில் தமீம் நெருங்கி வந்தபோது உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவன் மனசு விட்டுப் போகுமோ என்று பயம். அதனால், ஷார்ஜாவிலிருந்து மறுபடி வருகிறேன் என்று அவன் போனில் சொன்னதும், ராத்திரியில் அவனோடு தனியாக இருக்க நேரக் கூடாதே என்று துஆ கேட்டாள்.

கேட்ட துஆ பலித்தது போல, ஏர்போர்ட்டிலிருந்து வந்த காரில் அவனோடு ஹஃப்ஸாவும் அவள் பிள்ளைகளும் இறங்கினார்கள். "பள்ளிக்கூடம் லீவு மச்சி. கொஞ்ச நாளைக்கு இங்கதான்" என்றவளை ஷஃபீனா ஆசை ஆசையாகக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் மனசு சும்மா இருக்குமா? கடல் தாண்டி வந்த புருஷன், நடுவில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகக் குறட்டை விடுகிறான். ஒரு முணுமுணுப்பு கிடையாது. தழும்பு விழுந்தவளைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று இப்போது அது வேறு அரிக்கத் தொடங்கியது. அவன் தொட்டாலும் பயம், தொடாவிட்டாலும் பயம்.

ஊசி போடும் நாள் வந்தது. டாக்டர் மதிவதனி சோதித்து முடித்துவிட்டு, "வீட்டுக்காரர் வந்திருக்காராமே. உங்க ரெண்டு பேருக்குள்ள எப்படி இருக்கு?" என்று காய்ச்சல் இருக்கிறதா என்பது போலச் சாதாரணமாகக் கேட்டார்.

ஷஃபீனா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதே விட்டாள். அழுகையோடு அழுகையாக எல்லாம் வெளியே வந்துவிட்டது. "மாத்திரைய நிறுத்திடலாமான்னு கூட நெனச்சேன் டாக்டர்."

"அத மட்டும் செஞ்சிடாதீங்க. இது மருந்தோட வேலை, உங்க கொறை இல்ல. உங்க வயசுல இத சாப்பிடுற நெறய பேருக்கு இருக்கு. அவங்க சொல்றதில்ல, நாங்களும் கேக்குறதில்ல. ஹார்மோன் கலக்காத ஜெல் எழுதித் தர்றேன். வறட்சிக்கு ஒண்ணு, சேரும்போது தடவிக்க ஒண்ணு. அவசரமே வேணாம். வலிச்சா நிறுத்திடுங்க. கையப் புடிச்சிக்கிட்டுப் பேசிக்கிட்டே கெடந்தா அதுவும் தாம்பத்தியம்தான். சரியாகலைன்னா திரும்ப வாங்க, வேற வழி பாக்கலாம். ஆனா மொதல்ல அவர்கிட்ட சொல்லுங்க."

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தபோது நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியிருந்தது. ஆட்டோவில் காரைக்கால் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டாள். இனி ஒளிக்கக் கூடாது, அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

எங்கே வைத்துச் சொல்வது? பகலில் வீடு நிறைய ஆள். ராத்திரியில் நடுவே பிள்ளை.

சிக்கல் இங்கேதான். அவர்கள் குடும்பங்களில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பான். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையின் தங்கை வந்து தங்கினால் அவள் வைத்ததுதான் சட்டம். வா என்று சொல்லலாம், இன்னும் இரு என்று கெஞ்சலாம். எப்போது போகிறாய் என்று கேட்டால் சம்பந்தமே முறிந்தது போல. ஷஃபீனாவின் உம்மா அஜீசுன்னிசாவோ கொடுவா மீன், வட்டலப்பம் என்று தினம் ஒன்றைச் செய்து போட்டு ஹஃப்ஸாவை நகரவிடாமல் வைத்திருந்தாள்.

ஷஃபீனா ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "ஏன் ஹஃப்ஸா, பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்களாமே?"

"லீவு சொல்லிட்டேன் மச்சி."

"உன் மாப்புள சாப்பாட்டுக்குத் தனியா என்ன செய்வாங்க?"

"ஓட்டல்ல சாப்புடட்டும். அப்பதான் என் சமையலோட அருமை தெரியும்."

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு, உம்மா பக்கத்து வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, ஷஃபீனா சமையற்கட்டுக்குள் நுழைந்தாள்.

"ஹஃப்ஸா... கோவிச்சுக்காத. நாளைக்கு நீ உன் வீட்டுக்குப் போறியா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். உம்மா காதில் விழுந்தால் தொலைந்தோம்.

ஹஃப்ஸா டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. போச்சு, காலத்துக்கும் இது சொல்லிக் காட்டுகிற பேச்சாகிவிடும் என்று ஷஃபீனா நினைத்து முடிப்பதற்குள், நாத்தனார் ஓடி வந்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! எப்பச் சொல்லுவீங்கன்னுதான் மச்சி காத்துக் கெடக்கேன். 'லீவு கெடச்சிருச்சுன்னதும் போன்ல உன் மச்சி குரல் நடுங்கிப் போச்சு, அவளுக்கு என்கிட்ட என்னமோ பயம் இருக்கு. அவளா உன்னப் போகச் சொல்ற வரைக்கும் நீ அங்கேருந்து நவுராத'ன்னு சொல்லித்தானே தமீம் நானா என்னக் கூட்டியாந்தாங்க!"