நமத்துப் போன பட்டாசு

"கடை வரியை ஏத்தச் சொல்றதை நீங்க விட்டுடுங்க. உதவித்தொகையில பாதியை மட்டும் வெட்டிட்டு நாங்களும் நிறுத்திக்கறோம்."

நகராட்சித் தலைவர் எதிர்வரிசையிடம் இப்படிப் பேரம் பேசியதும், பார்வையாளர் வரிசையில் இருந்த தையற்காரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவள் கணவர் மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. அந்த உதவித்தொகையில்தான் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்திருக்கிறாள். பாதியானால் ஆள் நின்றுவிடும். ஆள் நின்றால் தையல் மிஷினும் நின்றுவிடும்.

"ஒரு பைசா வெட்ட விட மாட்டோம்!" எதிர்வரிசைக்காரர் ஒருவர் மேஜையைத் தட்டினார். போட்டோக்காரர் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு தரம் தட்டினார்.

பதினைந்து உறுப்பினர்களில் நாலு பேர், பாவத்தில் பங்கு வேண்டாமென்று வரவே இல்லை. வந்த பதினோரு பேரில் வெட்டுக்கு ஆறு, எதிர்ப்புக்கு ஐந்து.

அந்த ஐந்தில் ஒருத்தியைத்தான் தையற்காரி மலைபோல நம்பியிருந்தாள். தையற்காரியின் வார்டுக்கு உறுப்பினர் அவள். அவள் வாய்க்குப் பயந்து எல்லோரும் வைத்த பெயர் 'பட்டாசு'. அவள் வெடித்தால் ஆறில் ஒருவராவது மனசு மாற மாட்டாரா?

"அஞ்சு மணிக்குள்ள பட்ஜெட் நிறைவேறணும். பத்து நிமிஷம்தான் இருக்கு. ஓட்டெடுப்புக்குப் போகலாமா?" என்றார் தலைவர்.

பட்டாசு எழுந்தாள். தையற்காரி நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"தலைவரே, எனக்கு வயிறு சரியில்லை. இதோ வந்துடறேன்."

போயே விட்டாள்.

"பட்டாசு நமத்துப் போச்சுடோய்!" சபையே சிரித்தது.

தையற்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னாலேயே ஓடினாள். பெண்கள் கழிப்பறை உள்ளே தாழிட்டிருந்தது. படபடவென்று தட்டினாள்.

"ஓட்டுக் கேட்டு வந்தப்போ வயித்து வலி வரலையா? என் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டு சத்தியம் பண்ணினியே! கை தூக்கற நேரத்துல வந்து ஒளிஞ்சுக்கறியே, நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

மறுபடி தட்டக் கையை ஓங்கினாள்.

தாழ்வார ஸ்பீக்கரில் செயலாளரின் குரல் கரகரத்தது. "பத்து பேர்தான் இருக்கீங்க. பதினோரு பேர் இல்லாம ஓட்டெடுப்பு செல்லாது. அஞ்சு மணி தாண்டிட்டா போன வருஷப் பட்ஜெட்டேதான், உதவித்தொகை உள்பட."

"அந்தம்மாவைத் தேடுங்கய்யா!" தலைவர் அலறினார்.

தட்டப்போன கை அப்படியே நின்றது.

கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. "திட்டினது போதும்க்கா. மணி என்ன, அதைச் சொல்லுங்க."

"நாலு... நாலு அம்பத்தாறு."

பியூன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஏம்மா, உள்ளே மெம்பரம்மாவா இருக்காங்க?"

தையற்காரி கதவில் முதுகை அழுத்திச் சாய்ந்துகொண்டாள்.

"இல்லைண்ணே. உள்ளே இருக்கறது என் கூடப்பிறந்த தங்கச்சி."