சிவப்பு மையில் அடித்த பெயர்

சர்வேயர் தரையில் குப்புறப் படுத்து, காதை ஒட்டவைத்துக் கேட்டார். சத்தமே இல்லை.

“போச்சு, கடைசிக் கட்டம். முன்னெல்லாம் கரகரன்னு இழுத்துக்கிட்டாவது இருந்துச்சு. இப்ப மூச்சையே காணோம்.”

“எந்திரிங்க முதல்ல. சட்டையெல்லாம் தூசி” என்றாள் மனைவி.

மேஜைக்கடியில் இருந்தது வீட்டுக் கம்ப்யூட்டர். அதற்குள்ளே இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கில்தான் மகளின் முதல் ஏழு வருஷமும் இருக்கிறது, போட்டோவாகவும் வீடியோவாகவும். வேறெங்கும் நகல் கிடையாது. நகல் எடுக்கும்போதே டிஸ்க் செத்துப்போகும் என்று எங்கேயோ படித்துவிட்டு, வீட்டில் ஒருத்தரையும் அதில் கைவைக்க விடவில்லை மனிதர். எஸ்எஸ்டி என்கிற புதுமாதிரி டிஸ்க்கில் நம்பகமானதாக ஒன்று வாங்கவேண்டும், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் என்பது அவர் போட்ட சட்டம்.

வாங்கினாரா? எட்டு மாதமாக ஆராய்ச்சிதான் நடக்கிறது, அதுவும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடை, நசுங்கிய கார் என்று நஷ்டம் பார்க்கிற வேலை அவருக்கு. முழுசாக இருக்கிற பொருளைக் கண்டாலே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு தடித்த நோட்டில் பதினேழு கம்பெனிப் பெயர்கள். முதல் பெயரைச் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு அடித்திருந்தார். ‘வாங்கி ஒரே வாரத்தில் மண்டையைப் போட்டுவிட்டது’ என்று யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் எழுதியிருந்தானாம்.

“ஒருத்தன் எழுதினான்னா, நல்லாயிருக்குன்னு எழுதின ஆயிரம் பேர் பொய்யா?” என்று மனைவி அன்றைக்கே கேட்டாள்.

“அந்த ஒருத்தன் நாமளா இருந்தா?” என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது சட்டையைத் தட்டிக்கொண்டே புலம்பினார். “அந்த வெள்ளத்துல முங்கின தொழிற்சாலையைப் பார்க்க மூணு நாள் வெளியூர் போனேனே, திரும்பி வந்த அன்னிக்கே சத்தம் நின்னு போச்சு. நாலு மாசமாச்சு. அன்னையிலேருந்து எனக்குச் சோறு இறங்கலை.”

“நேத்து ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது யாராம்?”

“உனக்கு எல்லாம் கிண்டல். கிளம்பு, இன்னிக்கு வாங்கியே தீரணும்.”

கம்ப்யூட்டர் கடைக்காரர், நெற்றியில் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடியோடு இரண்டு டப்பாக்களை எடுத்து மேஜையில் வைத்தார். சர்வேயர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலை எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிக்கூடப் பார்த்தார்.

“எத்தனை வருஷம் தாங்கும்?”

“அஞ்சு வருஷம் வாரன்ட்டி சார். கெட்டுப்போனா புதுசு தருவாங்க.”

“புதுசு தருவாங்க. எம் பொண்ணு முதல்முதல்ல நடந்ததைத் தருவாங்களா?”

கடைக்காரர் டப்பாக்களை நேராக அடுக்கினார். “எதை வாங்கினாலும் இன்னொரு நகல் தனியா வச்சுக்கணும் சார். மத்தபடி இது பழைய டிஸ்க் மாதிரி இல்ல. அதுல தட்டு சுத்தும், சத்தம் வரும். இதுல சுத்தற பாகமே கிடையாது. இருக்கற இடமே தெரியாது.”

சர்வேயர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு அடிக்கோடு போட்டார். மனைவி அவசரமாகத் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த வயர்களைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அரை மணி நேரம் ஓடியது. இந்த டப்பாவை எடுப்பார், வைப்பார். அந்த டப்பாவை எடுப்பார், வைப்பார். நடுவில் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். கடைசியில் இரண்டையும் கடைக்காரர் பக்கமே தள்ளினார்.

“இன்னும் ஒரு மாசம் விசாரிச்சுட்டு வரேன்.”

“இன்னும் ஒரு மாசமா!” மனைவிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “எதுக்குங்க இப்படி உயிரை விடறீங்க?”

சர்வேயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“குட்டி முதல் அடி எடுத்து வச்சப்போ நான் வீட்டுல இருந்தேனா? எங்கேயோ ஒரு எரிஞ்ச குடோன்ல நின்னுட்டிருந்தேன். முதல் பல்லு விழுந்தப்பவும் இல்ல. நான் பார்த்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான். அது போச்சுன்னா எனக்கு எதுவுமே இல்ல.”

அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவளுக்கும் என்னவோபோல் ஆகிவிட்டது. “சொல்லிடுங்கம்மா” என்பதுபோலக் கடைக்காரர் அவளைப் பார்த்தார்.

“ஏங்க, கோவப்படாமக் கேளுங்க...” என்று ஆரம்பித்தாள்.

“எனக்குத் தெரியும், எதையாவது ஒண்ணை வாங்குங்கன்னு சொல்லுவே.” அவர் நோட்டைப் பிரித்து, அந்தச் சிவப்புக் கோட்டின்மேல் விரலால் குத்தினார். “எதை வாங்கறதுன்னுதான் எனக்குத் தெரியலை. எதை வாங்கக்கூடாதுன்னு நல்லாத் தெரியும். இந்தக் கம்பெனியை நம்பிப் போட்டோம்னு வை, ஒரே வாரம். குழந்தையோட ஏழு வருஷமும் கோவிந்தா!”

மனைவி மெல்ல அந்த நோட்டை மூடினாள்.

“உங்க ஆராய்ச்சியே நாலு மாசமா அந்தக் கம்பெனி டிஸ்க்லதாங்க ஓடுது.”